ஃபிக்ஸி: ரெடிமேடா, கட்டுவதா? பின்சக்கரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

ஃபிக்ஸி எனப்படும் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் பின்சக்கர ஹப், அதாவது கம்பிகள் கோத்திருக்கும் நடுக்குடம். ஃபிரேமின் நிறம், ரிம்மின் உயரம் எல்லாம் அப்புறம். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் ஃப்ரீவீல் கிர்ரென்று ஓடும், கால் சும்மா இருக்கும். ஃபிக்ஸியில் ஃப்ரீவீல் கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு மரையில் இறுகி நிற்கிறது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க, சுற்றிவரும் பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்கிறோம். அந்த எதிர்ப்பு முழுவதும் பல்சக்கரத்தைக் கழற்றும் திசையில்தான் விழுகிறது. அதைத் தாங்கும் ஹப் இருந்தால் மற்றதையெல்லாம் போகப் போக மாற்றிக்கொள்ளலாம். தாங்காத ஹப் என்றால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டு படி மரை

"ஃபிக்ஸி" என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல, ஃப்ரீவீல் போட்ட ஒற்றைக் கியர் சைக்கிள்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சக்கரமும் கூடவே பின்னோக்கிச் சுற்றினால் ஃபிக்ஸட். பெடல் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். அப்போது ஹப்பின் மறுபக்கத்தையும் பாருங்கள். 'ஃப்ளிப் ஃப்ளாப்' ஹப் என்றால் அந்தப் பக்கம் பல்சக்கரம் ஏற்ற இடம் விட்டிருப்பார்கள்.

அந்த மரையில் நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். ஃபிக்ஸிக்கென்றே செய்த உண்மையான டிராக் ஹப்பில் நடுவே நகம் ஒரு படி இறங்கும். உள்படி 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, வழக்கமான வலமரை. பல்சக்கரம் இதில் ஏறும். வெளிப்படி சற்றே சிறியது, 1.29 அங்குலம், அதே 24 மரை, ஆனால் இடமரை. பல்சக்கரத்தை வெளியிலிருந்து பூட்டும் வளையமான லாக்ரிங் இதில் ஏறும். பெடலை எதிர்த்துப் பிடிக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். கழல முயன்றால் லாக்ரிங்கைத் தள்ளும். லாக்ரிங் இடமரை என்பதால் அந்தத் தள்ளலில் இன்னும் இறுகும். ஃபிக்ஸியின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது.

நகம் எங்கும் இறங்காமல் ஒரே படியாக இருந்தால் அது ஃப்ரீவீலுக்கான ஹப். ஃப்ரீவீலின் மரையும் பல்சக்கரத்தின் மரையும் ஒன்றே என்பதால் பல்சக்கரம் அதிலும் சுகமாக ஏறிவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான். சிலர் அதன்மேல் பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) லாக்ரிங்கை இறுக்கி, மரைப்பசையும் போட்டு ஓட்டுகிறார்கள். அந்த ரிங்கும் வலமரை. பல்சக்கரம் கழலும் திசையிலேயே அதுவும் கழலும். புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் வேகத்தைக் குறைக்கக் கால் ஊன்றும் நொடியில் பெடல் பின்னோக்கி இலேசாகப் போய்விடும், வண்டி நிற்காது. பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள்.

யாருக்கு எது

டிராக் ஹப், 120 மி.மீ. பின் இடைவெளி, படுக்கைவாட்டில் நீளும் அச்சுப் பிளவு, முன்பிரேக் துளை உள்ள ஃபோர்க் ஆகிய நான்கும் இருந்தால் முதல் ஃபிக்ஸியை ரெடிமேடாகவே வாங்குங்கள். அதே தரத்தில் பாகம் பாகமாகக் கட்டினால் கட்டாயம் கூடச் செலவாகும். சக்கரங்கள் மட்டுமே பெரும்பங்கை விழுங்கும். ரெடிமேடின் குறை எடையும் அளவும். ஹை டென்சைல் எஃகு ஃபிரேமோடு வண்டி 11 முதல் 13 கிலோ வரை நிற்கும், அளவு இரண்டு மூன்றுதான் கிடைக்கும். மிகக் குள்ளமானவர்களுக்கும் ஆறடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் ஹேண்டில்பார் எட்டாது அல்லது இடிக்கும். கட்டுவதில் உண்மையான பலன் அவர்களுக்குத்தான். கையில் ஏற்கெனவே ஒரு நல்ல எஃகு ஃபிரேம் இருப்பவர்களும் கட்டலாம்.

இந்த ஊருக்கு எத்தனை பல்

ரெடிமேட் வண்டிகளில் முன்னே 46, பின்னே 16 என்பது அடிக்கடி வரும். காகிதத்தில் நன்றாக இருக்கும். புதுச்சேரி, கடலூர் இரண்டும் தட்டையான ஊர்கள் என்பதால் கனமான கியர் போதும் என்று தோன்றும், ஆனால் இங்கே மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டிக் கடலூர் போகிறவருக்கு அது முகத்தில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்; அப்போது திரும்பி வருவதுதான் சிரமம். உண்மையான ஏற்றம் கோரிமேடு, ஆரோவில் செம்மண் மேடு, கடலூரில் கேப்பர் மலை. அங்கே ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், ஏனென்றால் கால் நிற்காது.

எங்கள் பரிந்துரை 44க்கு 17. விகிதம் 2.59. 700×28 டயரின் சுற்றளவு சுமார் 2.136 மீட்டர், ஆக, பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.53 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 20 கி.மீ., 90 சுற்றில் 30 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்கள் 46க்கு 17 போடலாம். 90 சுற்றில் 31 கி.மீ. தரும்.

17 பல்லுக்கு இன்னொரு காரணம் டயர். காலால் பூட்டிச் சறுக்கி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்துப் பின்னத்தைச் சுருக்குங்கள். கீழே நிற்கும் எண்தான் டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48/16 சுருங்கினால் 3/1. ஒவ்வொரு தடவையும் டயரின் ஒரே இடம் தரையில் உராயும், அந்த இடத்தில் சீக்கிரமே நூல் தெரியும். 44/16 என்றால் 11/4, நான்கு இடம். 46/16 என்றால் 23/8, எட்டு இடம். 44/17 சுருங்காது, பதினேழு இடம். எந்தக் காலை முன்னே வைத்தும் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு, சுருங்கிய பின்னத்தின் மேல் எண் ஒற்றைப்படையாக இருந்தால் இடங்கள் இரட்டிப்பாகும்.

பின்னே 16ஐ 17 ஆக்குவது மலிவான வேலை. ஒரு பல் கூடினால் பின் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னே நகரும், பிளவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல்சக்கரமும் செயினும் 1/8 அங்குலமா, 3/32 அங்குலமா என்று கேட்டு வாங்குங்கள். அகலமான 1/8 செயின் மெல்லிய 3/32 பல்லிலும் ஓடும்; மெல்லிய செயின் தடித்த பல்லில் உட்காராது.

ரெடிமேட் வண்டி வீட்டுக்கு வந்த அன்று

பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓட்டாதீர்கள். லாக்ரிங்கைத் தொழிற்சாலையில் கையால் சுற்றி விட்டதுபோல் விட்டிருப்பதுண்டு. செயினைக் கழற்றுங்கள். கொக்கி ஸ்பேனரால் லாக்ரிங்கைக் கடிகாரத் திசையில் திருப்பிக் கழற்றுங்கள் (இடமரை, மறந்துவிடாதீர்கள், எதிர்த்திசையில் பலம் போட்டால் ஹப்பின் மரை போய்விடும், ஹப்பும் போய்விடும்). பல்சக்கரத்தையும் எடுத்து இரண்டு மரையையும் துணியால் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் போட்டால் கழன்றுவிடுமே என்று பயம் வேண்டாம். காய்ந்த மரையில் உராய்வே பாதிப் பலத்தைத் தின்றுவிடும். இறுகியதுபோல் தோன்றும், இறுகியிருக்காது.

செயின் விப்பை (செயின் துண்டு பொருத்திய கைப்பிடி) வைத்துப் பல்சக்கரத்தை உடம்பு எடை கொடுத்து இறுக்குங்கள். பிறகு லாக்ரிங். சக்கரத்தை மாட்டி, கோரிமேட்டு ஏற்றத்திலோ கேப்பர் மலை ஏற்றத்திலோ எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். இறங்கும்போது காலால் துளியும் எதிர்க்காமல் பிரேக்கிலேயே வாருங்கள். அந்த ஏற்றத்தில் பல்சக்கரம் இன்னும் சில மி.மீ. சுற்றி இறுகியிருக்கும், லாக்ரிங்குக்குப் பின்னால் சந்து விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கலைத் தவறவிட்டவர்களின் ஹப்தான் மரை தேய்ந்து வருகிறது.

இடது பெடல் இடமரை. கோணலாக ஏற்றி, ஸ்பேனரால் பலம் போட்டு, அலுமினியக் கிராங்கின் மரையை அறுத்துவிடுவது அன்றாடம் நடப்பது. முதல் மூன்று சுற்றை விரலால் மட்டும் ஏற்றுங்கள். கிராங்கு போல்ட்டை முதல் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அதே சமயத்தில் சக்கரத்தையும் பெண்டு எடுக்கக் கொடுங்கள். இயந்திரத்தில் கோத்த கம்பிகளின் இழுப்பு ஒரேமாதிரி இருக்காது. ஹப் அச்சைக் கையால் சுற்றிக் கரகரவென்று இருந்தால் கோனைத் தளர்த்திப் பால்ரஸ்ஸுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். புது ஹப்பிலும் கிரீஸ் பெயருக்குத்தான் இருக்கும்.

பெடலில் காலைப் பிடிக்கும் ஸ்ட்ராப் இல்லாமல் ஃபிக்ஸி ஓட்டக் கூடாது. வேகத்தில் கால் நழுவினால் சுற்றும் பெடலில் மறுபடி கால் வைக்க முடியாது, கெண்டைக்காலில் அடி விழும்.

கட்டுவதென்றால் ஃபிரேமிலிருந்து

பின் அச்சு உட்காரும் பிளவு செங்குத்தாக இருந்தால் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள். ஃபிக்ஸியில் செயினை இழுத்துப் பிடிக்க டிரெயிலியர் (கியர் மாற்றும் கை) கிடையாது, அச்சைப் பின்னே தள்ளித்தான் இழுவை வைக்க முடியும். பழைய ரோடு பைக்குகளில் முன்பக்கம் திறந்த சாய்ந்த பிளவு இருக்கும், அதில் ஓட்டலாம். பின் இடைவெளி 126 மி.மீ. இருந்தால் 120 மி.மீ. டிராக் ஹப்பின் இரு புறமும் 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்) வைத்தால் சரியாக உட்காரும். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் 10 மி.மீ. உள்விட்டத்துக்குக் கடைந்து தரச் சொல்லலாம். ஸ்பேசர் வைத்த பிறகும் நட்டு முழுவதும் ஏற அச்சு வெளியே நீண்டிருக்க வேண்டும். அலுமினிய ஃபிரேமை நட்டால் நெருக்கிப் பிடித்து இடைவெளியைக் குறைக்காதீர்கள், பற்றவைப்பில் விரிசல் விடும்.

இந்த ஊரில் பழைய பிரெஞ்சு ஃபிரேம் கையில் வந்தால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். பிரிட்டிஷ் மரை உள்ள ஃபிரேமில் வலதுபக்கப் பாட்டம் பிராக்கெட் கப் இடமரை. அன்றைய பிரெஞ்சு ஃபிரேம்களில் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை, இரண்டு பக்கமும் வலமரை. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் புதுக் கப்பை வைத்து அழுத்தினால் அரைச் சுற்று ஏறி, மரையை அறுத்துக்கொண்டு நிற்கும். பெடல் மரையும் அங்கே 14 மி.மீ., நமக்குக் கிடைப்பது 9/16 அங்குலம். ஹேண்டில் ஸ்டெம் 22 மி.மீ., இங்கே கிடைப்பது 22.2. பழைய கப்பும் அச்சும் நன்றாக இருந்தால் கழுவிக் கிரீஸ் வைத்து அதையே ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

தாத்தா காலத்து ரோட்ஸ்டரை (ராடு பிரேக் போட்ட கனமான பழைய சைக்கிள்) ஃபிக்ஸியாக்கும் ஆசை பலருக்கு உண்டு. அந்த வண்டியின் மேல் உள்ள பாசம் புரிகிறது, ஆனால் கணக்கைப் பாருங்கள். அதன் ரிம் 635 மி.மீ., முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி. டிராக் ஹப் பெரும்பாலும் 32 அல்லது 36 துளையில்தான் வரும். பழைய பின் ரிம்மில் கோக்கவே முடியாது. 700சி ரிம் போட்டால் அது 622 மி.மீ.; ரிம் ஓரம் 6.5 மி.மீ. கீழே இறங்கும், பெடல் தரைக்கு அருகே வரும், ராடு பிரேக் எட்டாது. கிராங்கு காட்டர் பின் (ஆப்பு போன்ற ஆணி) வகை; முன்னும் பின்னும் மாறி மாறி விழும் பலத்தில் அந்தப் பின் நசுங்கி ஆட்டம் கொடுக்கும். அதை ஃப்ரீவீலோடு ஓவராயில் செய்து அப்படியே ஓட்டுங்கள். நூறாண்டுப் பழக்கத்தில் தேறிய வடிவம் அது.

பவுடர் கோட்டிங்குக்கு ஃபிரேமைக் கொடுக்கும்போது பாட்டம் பிராக்கெட் மரை, ஹெட்செட் உட்காரும் விளிம்பு, அச்சுப் பிளவின் இரு முகம் ஆகியவற்றை டேப்பால் மூடச் சொல்லுங்கள். பிளவின் மேல் கனமாகப் பெயிண்ட் இருந்தால் நட்டு அதை நசுக்கிக்கொண்டே போகும். நாலு நாளில் லூஸாகிச் சக்கரம் ஒருபக்கமாக இழுபடும். மூடாமல் அடித்துவிட்டால் நட்டு கடிக்கும் இடத்தை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டிவிடுங்கள்.

சக்கரத்துக்கு 32 துளை, மூன்று குறுக்குக் கோப்பு, 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி போதும். டிராக் ஹப்பின் இரு பக்கமும் சமம் என்பதால் கம்பி நீளமும் இழுப்பும் இரு பக்கமும் ஒன்றே. கியர் சைக்கிளின் பின்சக்கரத்தைவிட இது பலமானது, கட்டவும் சுலபம். ரிம் உயரம் 30 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கடற்கரையோரச் சாலையில் பக்கவாட்டுக் காற்று உயர ரிம்மைப் பிடித்துத் தள்ளும். கிராங்கு 165 மி.மீ. வாங்குங்கள். வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும், நீளக் கிராங்கு தரையில் தட்டும்.

செயின்லைன், செயின் இழுவை

கட்டிய வண்டி சத்தம் போட்டால் பத்தில் ஒன்பது முறை காரணம் இங்கே இருக்கும். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். டிராக் பாகங்களில் அது ஃபிரேமின் நடுவிலிருந்து 42 மி.மீ. தள்ளி இருக்கும். முன்பல்லில் அளக்க, சீட் குழாயின் மேற்பரப்பிலிருந்து பல்லின் நடுவரை அளந்து, குழாய் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். 28.6 மி.மீ. குழாய், அளவு 28 வந்தால் 28 + 14.3 = 42.3. பின்பல்லில் அளக்க, 120 மி.மீ. ஹப்பின் பாதியான 60லிருந்து, பிளவின் உள்முகத்துக்கும் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். அது 18 இருந்தால் 42. வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் அமைதியாக ஓடும். அதைத் தாண்டினால் பாட்டம் பிராக்கெட் அச்சை மாற்ற வேண்டும்: 2 மி.மீ. குட்டையான அச்சு முன்பல்லை 1 மி.மீ. உள்ளே கொண்டுவரும்.

செயின் நீளம்: கிராங்கு நடுவிலிருந்து பின் அச்சுவரை 405 மி.மீ., 44/17 என்றால் 96 கண்ணி. வாங்கிய செயினைப் பழையதோடு வைத்து வெட்டாமல், சக்கரத்தைப் பிளவின் நடுவில் வைத்துச் சுற்றிப் பார்த்து வெட்டுங்கள்.

இழுவை வைக்கும்போது கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். செயின் ஓரிடத்தில் விறைக்கும், ஓரிடத்தில் தொய்யும். முன்பல் முழு வட்டமாக மையத்தில் உட்காராததே காரணம். விறைக்கும் இடத்தில் நிறுத்தி, ஐந்து போல்ட்டையும் கால் சுற்று தளர்த்தி, செயினின் மேல் மரக் கைப்பிடியால் இலேசாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். இரண்டு மூன்று முறையில் சமமாகும். கடைசியில், மிக விறைப்பான இடத்தில் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 10 முதல் 12 மி.மீ. ஆட வேண்டும். அதைவிட விறைத்தால் பால்ரஸ் அரைபடும். அதைவிடத் தொய்ந்தால் செயின் குதித்து இறங்கும்; ஃபிக்ஸியில் இறங்கிய செயின் கம்பியில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 15 மி.மீ. ஸ்பேனரால் இரு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் சக்கரம் கோணும்.

முன்பிரேக்

ரெடிமேடோ, கட்டியதோ, முன்பிரேக் இல்லாமல் நேரு வீதிக்குள் போகக் கூடாது. காலால் மட்டும் நிறுத்தும்போது வேலை செய்வது பின்சக்கரம். வேகம் குறையும்போது எடை முன்னே சாய்ந்துவிடுவதால் பின்டயருக்குப் பிடிப்பு குறைவு. ஈரச் சாலையில் இன்னும் குறையும். பிரேக் வாங்குமுன் ஃபோர்க் துளையின் நடுவிலிருந்து ரிம்மின் பக்கமுகம்வரை அளந்து கொள்ளுங்கள். 39 முதல் 49 மி.மீ. என்றால் குட்டைக் கை பிரேக், 47 முதல் 57 என்றால் நீளக் கை. 27 அங்குல ரிம்முக்குச் செய்த ஃபோர்க்கில் 700சி போட்டால் 4 மி.மீ. கூடுதலாக எட்ட வேண்டும்.

உப்பும் கையும்

கடற்கரைச் சாலையில் தினமும் ஓட்டும் எஃகு ஃபிரேம் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். கட்டுவதற்கு முன் குழாய்களுக்குள் மெஷின் ஆயிலை ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி வடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட் போஸ்டை உருவிப் புதுக் கிரீஸ் தடவுங்கள். அலுமினியப் போஸ்டும் எஃகுக் குழாயும் உப்பு ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்தால் வண்டியைத் தலைகீழாக வைத்து, போஸ்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள்.

செயின் துடைக்கும்போது ஒரு கையில் துணியும் மறு கையில் பெடலுமாகச் சுற்றவே கூடாது. சாதாரண சைக்கிளில் விரல் மாட்டினால் செயின் நின்றுவிடும். ஃபிக்ஸியில் சுற்றும் சக்கரத்தின் எடை முழுவதும் விரலைப் பல்லுக்குள் இழுக்கும். பெடலை விட்டாலும் நிற்காது. இப்படி விரல் நுனியை இழந்தவர்கள் உண்டு. சக்கரம் அசையாமல் இருக்கும்போது கீழ்ச் செயினைப் பிரஷ்ஷால் தேயுங்கள், துணியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அடி சுற்றுங்கள், நிறுத்துங்கள், மறுபடி தேயுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் ஷூ லேஸ் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். வலது கால் பேண்டை மடித்து ரப்பர் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.